மதகு மூடிய பத்து நாள்

தீனித் தட்டைத் தண்ணீரிலிருந்து தூக்கியதும் கொடியக்கா முதலில் சாலைப் பக்கம்தான் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. அதன் பிறகே தட்டைப் பார்த்தாள். காலை ஐந்தரை மணிக்குப் போட்ட தீனி ஏழு மணிக்கும் அப்படியே கிடந்தது. ஊறிப் பெருத்து, ஒரு குருணைகூடக் குறையாமல்.

நாற்பத்தெட்டு நாள் வளர்ந்த இறால் தீனியை மிச்சம் வைக்காது. தட்டை மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு, கரையோரமாகக் குனிந்தபடியே நடந்தாள். குளத்தின் மூலையில், மதகுப் பலகைக்குப் பக்கத்தில், ஒரு இறால் கரையை ஒட்டி நின்றிருந்தது. நல்ல இறாலாக இருந்தால் நிழல் பட்டதுமே சுண்டிக்கொண்டு ஓடியிருக்கும். இது கைக்கு வந்தது.

தலை ஓட்டை நகத்தால் நெம்பிக் கழற்றி, வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். ஓட்டுக்குள்ளே வெள்ளைப் புள்ளிகள். சுண்ணாம்பு தெறித்தது போல நாலைந்து.

இறால் குஞ்சு பொரிக்கும் கூடத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள் அவள். அதற்கப்புறம்தான் கணவனும் அவளுமாக இந்தக் குளத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். வெண்புள்ளி நோயைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வந்தால் மருந்து கிடையாது. ஐந்தாறு நாளில் குளம் முழுக்கச் செத்து மிதக்கும். அந்தத் தண்ணீர் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் சாவும் போகும்.

அந்தத் தண்ணீர் போகும் வழியில்தான் அவள் தம்பியின் குளம் இருந்தது.

கால்வாய் ஒன்று, குளங்கள் பதினாறு. கழிமுகத்திலிருந்து கடல்நீர் ஏறும்போது ஒவ்வொருவரும் மதகைத் திறந்து தண்ணீர் எடுப்பார்கள். இறங்கும்போது பழைய தண்ணீரை அதே கால்வாயில் விடுவார்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் மேல்கோடிக் குளத்தில் நோய் வந்தபோது, மீசை என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த ஆள் வாயைத் திறக்கவில்லை. விடிவதற்குள் இறாலை அள்ளி வண்டியில் ஏற்றிவிட்டு, தண்ணீரை அப்படியே கால்வாயில் திறந்துவிட்டான். இரண்டு வாரத்தில் கால்வாய் நெடுகப் பிணவாடை. விஷயம் தெரிந்த அன்று, நண்டு நுழையாமல் கட்டிய வேலிக்கு நட்டிருந்த கம்புகளைப் பிடுங்கி அவனை அடித்தார்கள். தடுக்கப் போனவர்களில் கொடியக்காவின் கணவனும் ஒருவன். மீசையின் காதிலிருந்து வடிந்த ரத்தம் இவன் சட்டையில் பட்டது. அந்தச் சட்டையை அவன் அதற்குப் பிறகு போட்டதே இல்லை. மீசை குடும்பத்தோடு எங்கே போனான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அதற்கப்புறம்தான் ஐஸ் தொழிற்சாலையின் எடை போடும் அறையில் எல்லோரும் கூடி, தாங்களாகவே ஒரு தாளில் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். எந்த அதிகாரியும் எழுதச் சொல்லவில்லை. மீறினால் வழக்கோ தண்டனையோ கிடையாது. சோதித்த குஞ்சைத்தான் விடுவது, மருந்து கலப்பதில்லை, ஒருவர் கரையில் இன்னொருவர் கால் வைப்பதில்லை. கடைசியாக, நோய் என்று சந்தேகம் வந்தாலே சிவப்புக்கொடி ஏற்றுவது. கொடி ஏறினால் பதினாறு மதகையும் பத்து நாள் மூடுவது.

"சந்தேகம் வந்தாலே" என்ற சொல் அவள் பிடிவாதமாகச் சேர்த்தது. "சோதனையில தெரிஞ்ச பிறகு ஏத்தினா போதாதா?" என்று பாதிப் பேர் கேட்டார்கள். "அதுக்குள்ள கால்வாய்ல போயிடும்" என்று அவள் விடாமல் வாதாடினாள். "அக்கா பேசியே நம்மள கொன்னுடும், கையெழுத்துப் போட்டுத் தப்பிச்சிடுங்க" என்று தம்பி சொல்ல, அறையே சிரித்தது. அன்றிலிருந்து அவள் கொடியக்கா. அன்று அமைந்த சங்கத்தின் செயலாளரும் அவள்தான். அதற்குப் பிறகு மூன்று அறுவடை, ஒன்றிலும் குறையில்லை. மருந்து படாத இறால் என்று வெளியூர்க் கம்பெனிக்காரர்கள் தேடிவந்து வாங்கிப்போனார்கள். கொடி ஒருமுறைகூட ஏறவில்லை.

இன்று பகல் பன்னிரண்டு மணிக்குக் கழியில் தண்ணீர் ஏறும். தம்பி மதகைத் திறப்பான்.

அவள் கணவன் கொட்டகைக்குப் பின்னால் ஏரேட்டரின் சக்கரத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவன். தண்ணீரைச் சிலுப்பிக் காற்றேற்றும் அந்த இயந்திரங்களோடு பேசுகிற அளவுக்கு இறாலோடு பேசமாட்டான். அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அவன் பார்த்தான். கிரீஸ் டப்பாவை மூடி, துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான்.

"யாருக்குத் தெரியும்?"

"நமக்குத்தான்."

"அப்ப நமக்குள்ளயே இருக்கட்டும்."

"என்னங்க சொல்றீங்க?"

"வண்டிக்காரனுக்குப் போன் போடறேன். சின்ன சைஸ்தான், இருந்தாலும் எடுத்துப்பான். பத்து மணிக்குள்ள அள்ளிடலாம். கேட்டா, பிள்ளை படிப்புக்கு அவசரம்னு சொல்லிக்கலாம்."

"தண்ணிய?"

தண்ணீரை வடிக்காமல் இறாலை முழுசாக அள்ள முடியாது. அது இருவருக்கும் தெரியும்.

"கீழ என் தம்பி இருக்கான்."

"அவனுக்கு மட்டும் ரகசியமா மூடச் சொல்லிடு."

"அவனுக்குக் கீழ?"

"நீ மீசைய மறந்துட்டியா?" அவன் குரல் திடீரென்று உடைந்தது. "நான் மறக்கல. கம்பால அடிச்சாங்க பாரு, அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. கொடிய ஏத்தினா நம்ம வாசல்ல வந்து நிப்பாங்க. எல்லாரும் வருவாங்க."

அவளுக்கும் பயம்தான். ஆனால் அவளுடைய பயம் வேறு திசையில் ஓடியது. பன்னிரண்டு மணிக்குத் தம்பி மதகுத் திருகைச் சுழற்றுவதும், தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே பாய்வதும் கண்ணை மூடாமலே தெரிந்தது.

"சொன்னவங்கள யாரும் அடிக்கல. மறைச்சவனத்தான் அடிச்சாங்க" என்றாள்.

"இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. அதனால அடிக்கல."

அவள் கொட்டகைக்குள் போய்த் தீனி மூட்டைகளை நகர்த்தினாள். கொடி எலி கடித்துக் கிடந்தது. ஓரத்தில் கை நுழைகிற அளவு ஓட்டை. அதையே எடுத்துக்கொண்டு வெளியே வந்து மூங்கிலில் கட்டினாள். முடிச்சு விழவில்லை. மூன்றாவது தடவை கணவன் வந்து, அவள் கையிலிருந்து கயிற்றை வாங்கி இறுக்கினான். அவள் சங்கத்தின் கைப்பேசிக் குழுவில் எழுதினாள்: "எங்கள் குளத்தில் வெண்புள்ளி சந்தேகம். மதகை மூடுங்கள். திறக்காதீர்கள்." அனுப்பியதும் கைப்பேசியை தீனிப் பை ஒன்றுக்கடியில் கவிழ்த்து வைத்தாள். அது அதிர்ந்துகொண்டே இருந்தது.

கால் மணி நேரத்தில் முதல் மோட்டார் சைக்கிள் வந்தது. பிறகு இரண்டு, நான்கு. எல்லோரும் சாலையிலேயே நின்றார்கள். கரைக்கும் சாலைக்கும் நடுவே முப்பது அடி இருக்கும். ஒப்பந்தப்படி அதற்கு மேல் ஒருவரும் வரக்கூடாது, வரவும் இல்லை. ஆனால் அந்த முப்பது அடியை ஒரே மூச்சில் தாண்டிவிடலாம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. கணவன் அவளுக்கு அரையடி முன்னால் வந்து நின்றுகொண்டான்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

ஐஸ்காரர் கடைசியாக வந்தார். ஐஸ் தொழிற்சாலையின் முதலாளி. கால்வாயின் கீழ்ப்பக்கத்தில் நான்கு குளம் அவருடையது. ஒப்பந்தத்தில் கடைசியாகக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். மீசையை முதல் அடி அடித்தது அவர் கை என்று சொல்வார்கள். வண்டியை விட்டு இறங்கி, கொடியை அண்ணாந்து பார்த்தார்.

"சோதனை பண்ணியாச்சா?"

"இல்லண்ணே. இப்பத்தான் இவரு எடுத்துட்டுப் போகப் போறாரு. நாளைக்குச் சாயங்காலம் தெரியும்."

"ஒண்ணுமில்லன்னு வந்தா? இந்த வெயில்ல பத்து நாள் தண்ணி மாத்தாம இருந்தா என் குளம் சும்மாவே செத்துடும். தெரியும்ல?"

"தெரியும்ணே."

"இருக்குன்னு வந்தா?"

"இந்தக் குளத்தோட போகும். நீங்க மூடினா."

பக்கத்தில் நின்றவர்கள் அவர் வாயைப் பார்த்தார்கள். "மூடறேன்" என்றார். "பத்து நாள். அதுக்குள்ள கீழ்ப்பக்கம் எங்கயாவது ஒண்ணு செத்து மிதந்தா, நேரா இங்கதான் வருவேன். பேச வரமாட்டேன்."

வண்டிகள் போன பிறகு கணவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் மாலை பரிசோதனைக்கூடத்துப் பெண் போனில் "இருக்குக்கா" என்று மட்டும் சொன்னாள். அதற்குள் குளமே சொல்லிவிட்டிருந்தது. காலையில் கரையோரம் பத்திருபது கிடந்தவை மதியத்துக்குள் நூற்றுக்கணக்கில் பெருகின. பிளீச்சிங் பவுடர் மூட்டைகளைப் பிரித்து, முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு, இருவரும் குளம் முழுக்கத் தூவினார்கள். கண் எரிந்தது. நாற்பத்தெட்டு நாள் கைக்குழந்தை மாதிரி பார்த்த குளத்துக்குத் தன் கையாலேயே விஷம் போட்டாள். அழ நேரமில்லை. தலைக்கு மேல் பறவைகள் வந்துவிட்டன.

அவள் நினைத்துப் பார்க்காத பயம் அதுதான். கொக்கும் காக்கையும் எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்து இறங்கின. மேலே கட்டியிருந்த பறவை வலை பழையது. எங்கே பார்த்தாலும் ஓட்டை. அவளும் கணவனும் ஆளுக்கொரு தகர மூடியை எடுத்துத் தட்டிக்கொண்டே கரையைச் சுற்றினார்கள். மதகை மூடிவிடலாம். வானத்தை எப்படி மூடுவது?

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். ஒரு காக்கை வலைக்கடியில் புகுந்து ஒரு செத்த இறாலைக் கவ்விக்கொண்டு எழுந்தது. அவள் மூடியை வீசினாள். காக்கை கீழ்ப்பக்கமாகத் திரும்பியது.

அவள் ஓடினாள். சாலையில் செருப்பில்லாமல், தகர மூடி இல்லாமல், வாய்க்கு வந்ததைக் கத்திக்கொண்டு ஓடினாள். காக்கை அவசரமே படாமல் தம்பியின் குளத்துக்கு மேலே போய் ஒரு வட்டம் போட்டது. அங்கே இன்னொரு காக்கை அதைத் துரத்தியது. இரண்டும் நடுவானில் கட்டிப்புரண்டன. இறால் கீழே விழுந்தது.

தண்ணீரில் விழுந்ததா, கரையில் விழுந்ததா, அவளுக்குத் தெரியவில்லை. தம்பியின் குளத்துக்கு வலை புதிது, ஆனால் கோர்த்த இடங்களில் இடைவெளி உண்டு. தம்பி கரையில்தான் நின்றிருந்தான். அவனும் பார்த்துவிட்டான். வாளியை எடுத்துக்கொண்டு கரையை அங்குலம் அங்குலமாகத் தேடினான். வலை மேலே தேடினான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கைவலையால் துழாவினான். அவள் சாலையில் நின்றபடி "இன்னும் இடது பக்கம், இன்னும் கொஞ்சம்" என்று கத்திக்கொண்டிருந்தாள். நோய்க்குளத்தில் நின்ற கால் அவளுடையது. அந்தக் கரையில் வைக்க முடியாது.

கிடைக்கவில்லை.

தம்பி ஈரம் சொட்டச் சாலையோரம் வந்து, நாலடி தள்ளி நின்றான்.

"அக்கா, இத யார்கிட்டயும் சொல்லாத."

"டேய்..."

"கரையிலதான் விழுந்திருக்கும். நண்டு இழுத்துட்டுப் போயிருக்கும். நீ கொடி ஏத்துன்னு மட்டும் சொல்லாத. மறுபடி பத்து நாள்னா இந்த வெயில் என் குளத்தக் கொன்னுடும், எல்லாரும் என்னைக் கொன்னுடுவாங்க. உனக்குப் போனது போதாதா? எனக்கும் போகணுமா?"

அவனுக்கு முப்பத்திரண்டு வயது. அவன் அப்படிக் கெஞ்சி அவள் கேட்டது, பள்ளிக்கூடத்தில் கணக்கில் தோற்ற விடைத்தாளை அப்பாவிடம் காட்டாதே என்று சொன்னபோதுதான். அவள் தலையாட்டினாள்.

அன்று மாலை ஐஸ்காரர் குழுவில் கேட்டார்: "பறவை ஏதாவது கீழே வந்ததா?" அவள் விரல் நெடுநேரம் திரைக்கு மேலேயே நின்றது. "இல்லை" என்று அடித்தாள்.

தன் குளத்துக்குக் கொடி ஏற்றியபோது வந்த பயம் ஒரு பக்கம் என்றால், இது ஒரு பக்கம். ஒவ்வொரு நாளும் குழுவில் கேள்வி வந்தது, ஒவ்வொரு நாளும் "ஒன்றுமில்லை" என்று எழுதினாள். கணவனிடம்கூடச் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போகாமல் அடுப்படிக்குப் போனாள். நான்காம் நாள், ஐந்தாம் நாள், ஆறாம் நாள். தம்பி காலையிலும் மாலையிலும் போன் செய்து "தீனி தின்னுது" என்பான். அந்த இரண்டு சொல்லுக்காக மிச்ச நேரமெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள் காலை ஆறு மணிக்கு அவன் போன் செய்தபோது அந்த இரண்டு சொல் வரவில்லை.

"அக்கா, எல்லாம் மேல வந்துடுச்சு."

அவளும் கணவனும் ஓடிப்போய்ச் சாலையில் நின்றார்கள். தம்பியின் குளத்தில் இறால்கள் ஆயிரக்கணக்கில் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து, மீசையை வெளியே நீட்டித் தத்தளித்தன. இரண்டு ஏரேட்டரில் ஒன்றுதான் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு என்னாச்சு மாப்ள?" என்று கணவன் கத்தினான்.

"மோட்டார் காயில் கருகிடுச்சு மாமா. விடியக்காலைல."

காற்றுப் போதாமல் மேலே வந்தாலும் இப்படித்தான் வரும். வெண்புள்ளி வந்தாலும் இப்படித்தான் வரும். சாலையிலிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. கரையில் நிற்கிற தம்பிக்கும் அப்போது தெரியவில்லை. கணவன், "அந்தப் பெல்ட்டக் கழட்டு, மூணாவது வயரப் பாரு" என்று சாலையில் நின்றே கையை ஆட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போனால் அரைமணி நேர வேலை. போக முடியாது. தம்பி அவன் சொன்னதைக் கேட்கவில்லை. மதகை நோக்கி நடந்தான்.

"என்னடா பண்ற?"

"பழைய தண்ணிய விட்டுட்டுப் புதுசு எடுக்கப் போறேன். அரை அடி போதும்."

"கால்வாய்ல விடாத! அந்த இறால் உள்ள விழுந்திருந்தா?"

"எந்த இறால்?" என்றான் கணவன், அவள் பக்கம் திரும்பி.

தம்பி திருகைப் பிடித்துவிட்டான். "கண்ணு முன்னால சாகுதுக்கா. என்னை என்ன பண்ணச் சொல்ற?"

அவள் கைப்பேசியை எடுத்தாள். அவன் அதைப் பார்த்தான். அவள் யாரைக் கூப்பிடுகிறாள் என்று புரிந்ததும், அவன் முகம் மாறிய விதம் அவளுக்கு வெகுநாள் மறக்கவில்லை.

"அண்ணே" என்றாள் போனில். "தம்பி குளத்துல இறால் மேல வந்துடுச்சு. மதகத் திறக்கப் போறான். மூணாம் நாளே ஒரு காக்கா என் குளத்துலேருந்து தூக்கிட்டுப் போய் அவன் குளத்துல போட்டுச்சு. நான் உங்ககிட்ட மறைச்சேன். பொய் சொன்னேன்."

அந்தப் பக்கம் இணைப்பு அறுந்தது.

தம்பி திருகைச் சுற்றவில்லை. விடவும் இல்லை. அதைப் பிடித்தபடியே, கால்வாய்க்கரைப் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "கொல்ல ஆளக் கூப்பிட்டுட்ட இல்ல?" என்றான் மெதுவாக. கணவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். அடுத்த நொடி குனிந்து சாலையோரம் கிடந்த ஒரு கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். யார் மேல் எறிய என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

லாரியின் சத்தம் கேட்டது. பின்னால் ஆறு பேர் நின்றுகொண்டு வந்தார்கள். அவர்களுக்கு நடுவே நீட்டுநீட்டாகக் கம்பிகள் தெரிந்தன. கொடியக்கா சாலையின் குறுக்கே போய் நின்றாள். ஏன் நின்றாள் என்று பிற்பாடு கேட்டால் அவளால் சொல்ல முடியவில்லை. லாரியை நிறுத்தும் வலு அவளிடம் எங்கே இருக்கிறது?

லாரி நின்றது. ஐஸ்காரர் இறங்கினார்.

"வழிய விடு" என்றார்.

"அண்ணே, அவன் சின்னப் பையன்ணே. மறைச்சது நான்."

"வழிய விடும்மா. மோட்டார இறக்கணும்."

அப்போதுதான் பார்த்தாள். நீட்டுநீட்டாகத் தெரிந்தவை ஏரேட்டரின் சக்கரத் தண்டுகள். இரண்டு ஏரேட்டர், ஒரு ஜெனரேட்டர், நான்கு புது பிளீச்சிங் மூட்டை. ஆட்கள் கரையில் ஏறுவதற்கு முன்னால் ஒரு தொட்டியில் மருந்துத் தண்ணீர் கலக்கி, ஒவ்வொருவராகக் கால் நனைத்தார்கள். தம்பி இன்னும் திருகைப் பிடித்தபடியே இருந்தான். ஐஸ்காரர் அவனருகே போய் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். அடிக்கவில்லை.

"செத்தா இந்தக் குளத்துல சாகட்டும். என் குளத்துக்கு வரக்கூடாது. அதுக்குத்தான் மோட்டாரு. உம்மேல பாசம்னு நினைச்சுக்காத" என்றார்.

எட்டு மணிக்கு மூன்று சக்கரங்களும் சேர்ந்து தண்ணீரைச் சிலுப்பின. ஒன்பது மணிக்கு இறால்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கத் தொடங்கின. அது நல்ல அடையாளம்தான். ஆனாலும் யாரும் வாயைத் திறந்து அதைச் சொல்லவில்லை. சோதனைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். தம்பி தன் கையாலேயே சிவப்புத்துணி ஒன்றைக் கட்டினான்.

அடுத்த நாள் சாயங்காலம் போனில் பரிசோதனைக்கூடத்துப் பெண் "இல்லக்கா" என்றபோது, கொடியக்காவுக்கு அவள் என்ன சொன்னாள் என்பதே சில நொடி புரியவில்லை. மூன்று முறை சொல்லவைத்துக் கேட்டாள். விழுந்த அந்த இறால் எங்கே போனதென்று கடைசிவரை தெரியவில்லை.

பத்தாம் நாள் மதகுகள் திறந்தன. பதினைந்து குளங்கள் பிழைத்தன. வெப்பத்தில் இரண்டு மூன்று குளங்களில் கொஞ்சம் செத்ததுதான். எல்லோரும் அந்த முறையும் நல்ல அறுவடை எடுத்தார்கள். கொடியக்காவின் குளம் மட்டும் வெறும் தரையாகக் காய்ந்து வெடித்தது. கணவன் மற்றவர்களுடைய இயந்திரங்களைப் பழுதுபார்த்துக் குடும்பத்தை ஓட்டினான். தம்பி அறுவடை முடிந்தும் வீட்டுப் பக்கம் வரவில்லை. சாலையில் பார்த்தால் "மாமா நல்லா இருக்காரா?" என்று கேட்பான். அக்காவைப் பற்றிக் கேட்கமாட்டான். அவன் குளத்தைக் காப்பாற்றியவள் அவள்தான் என்று ஊரே சொன்னது. அவனைக் காட்டிக்கொடுத்தவளும் அவள்தான். இரண்டும் உண்மை, அதனால் அவளும் அவனைக் குறை சொல்லவில்லை.

சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, நான்கு நாள் பொய் எழுதியதைச் சொல்லி, செயலாளர் பொறுப்பை விடுவதாகச் சொன்னாள். ஐஸ்காரர் தலையை நிமிர்த்தாமல், "வேற யாருக்கு இந்தத் தலைவலி வேணும்? உட்காரு" என்றார். வேறு யாரும் கேட்கவும் இல்லை. பறவை வலை கட்டாயம் என்று புதிதாக ஒரு வரி மட்டும் எழுதினார்கள்.

நான்கு மாதம் கழித்து, இருபது மைல் தள்ளி இன்னொரு கால்வாய்க்காரர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். அவர்களும் இதே போல ஒப்பந்தம் எழுதப்போகிறார்களாம், வந்து பேச வேண்டுமாம். கல்யாண மண்டபத்தின் சின்ன அறை, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி. அவளுக்கு மேடைப் பேச்சு வராது. நடந்ததை நடந்தபடி சொன்னாள், பொய் சொன்னதையும் சேர்த்து.

"இப்ப பயம் போயிடுச்சாம்மா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"இல்லைங்க. தினமும் காலைல எழுந்திருக்கும்போது இருக்கு" என்றாள். சிலர் சிரித்தார்கள்.

டீ குடிக்க எல்லோரும் வெளியே போனபோது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்திருக்கவில்லை. கட்டம்போட்ட சட்டை, சவரம் செய்யாத முகம். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். நேத்துலேருந்து என் குளத்துல தீனி திங்கல."

அவள் பையைக் கீழே வைத்தாள். "கரையோரம் வருதா?"

"வருது."

"ஓட்டைப் பிரிச்சுப் பாத்தீங்களா?"

அவர் தலையாட்டினார்.

"யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு மட்டும்தான். வீட்டுலகூடச் சொல்லல." வெளியே டீக்கடைப் பக்கம் பார்த்தார். அங்கே அவருடைய பக்கத்துக் குளத்துக்காரர்கள் எதற்கோ சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "இன்னிக்கு மதியம் மூணு மணிக்கு எல்லாரும் தண்ணி எடுப்பாங்க."

சுவரில் மணி ஒன்றே முக்கால். ஒப்பந்தம் இன்னும் எழுதப்படவில்லை. இங்கே கொடி இல்லை, விதி இல்லை, அவரைக் காக்க ஒரு வார்த்தைகூடத் தாளில் இல்லை. அவர் அடிபட்டால் அவளால் என்ன செய்துவிட முடியும்? அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. போகாதீர்கள் என்று சொல்லவும் வரவில்லை.

"நான் பக்கத்துல நிக்கறேன்" என்றாள். "அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் வேர்த்த உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தார். இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பினார். மூன்றாவது முறை படியிறங்கி, டீ குடித்துக்கொண்டிருந்தவர்களை நோக்கி நடந்தார். அவள் ஒரு எட்டு பின்னால் நடந்தாள். அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.